முறிவுக் காலோடு கரமனை வரை

மலையாளம் என்ன பெரிய பாஷை, தமிழையே மூக்கால் பேசினால் மலையாளம் ஆச்சு என்று அம்பாசமுத்திரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். யுத்த காலத்தில் ஒரு புரட்டாசி மாதம் திருவனந்தபுரத்துக்குப் போய் ஐந்து நாள் இருந்தேன். அந்த ஐந்து நாளில் என் மலையாள ஞானம் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். ஊரின் அழகைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பத்மநாபசுவாமியைக்கூட நான் சரியாகச் சேவிக்கவில்லை. சன்னிதியில் நின்றபோதும் கால் ஞாபகம்தான்.

கால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டராக இருந்தேன். மாசி மாதம் இன்ஸ்பெக்டர் வந்திருந்தபோது மரக்குதிரையைத் தாண்டிக் காட்டினேன். இரண்டு தரம் தாண்டினதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் தலையை ஆட்டினாரே என்று மூன்றாம் தரமும் தாண்டினேன். வலது கால் மாட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே எலும்பு ஒடிந்தது. வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அவர் முட்டையை உடைத்தபோது அம்மா புழக்கடைக்குப் போய்விட்டாள்.

கட்டுப் பிரித்து நான் நடக்க ஆரம்பிப்பதற்குள் என் இடத்தில் வேறொருவர் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். ஒடிந்த காலை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது என்று மானேஜர் சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் சங்கதி எட்டிவிட்டது. எங்கே போனாலும் முதலில் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காலைத்தான் பார்ப்பார்கள்.

அப்போதுதான் அத்திம்பேரிடமிருந்து கடிதம் வந்தது. என் அக்கா சாரதாவைத் திருவனந்தபுரத்து வலியசாலை அக்ரஹாரத்தில் கொடுத்திருந்தது. அத்திம்பேர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. அவருக்குத் தெரிந்த ஒரு ஹெட்மாஸ்டரின் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டாராம். நவராத்திரிக்கு வலியசாலையில் ஓட்டப் பந்தயம் உண்டு, ஹெட்மாஸ்டர்தான் அதற்குத் தலைவர், உன் மைத்துனனை அதில் ஓடச் சொல், பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கால் ஒடிந்த விஷயத்தை அத்திம்பேர் அவரிடம் மூச்சு விடவில்லை. நீயும் விடாதே என்று கடிதத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்.

கிளம்பும்போது அம்மா அக்காவுக்கென்று ஒரு மூட்டை அரிசி கட்டிக் கொடுத்தாள். சமஸ்தானத்தில் அரிசிக்குத் தவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். எல்லையில் சுங்கச் சௌக்கைக்காரர் படுக்கையைப் பிரிக்கச் சொல்லி, மூட்டையை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார். அரிசி எல்லை தாண்டக் கூடாதாம். ஆக, வெறுங்கையோடும் ஒரு வயிற்றோடும் சமஸ்தானத்துக்குள் நுழைந்தேன்.

பஸ் கரியில் ஓடுகிற பஸ். பின்னால் ஒரு பெரிய தகர டிரம்மில் அடுப்புக்கரி எரியும், அந்தப் புகையில் வண்டி ஓடும். சமதரையில் ஏதோ போயிற்று. மேடு வந்ததும் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. "ஆணுங்ஙளொக்கெ எறங்ஙணம்" என்றார் கண்டக்டர். ஆம்பிளைகள் எல்லாரும் இறங்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. என் மலையாளத்தை நானே மெச்சிக்கொண்டு இறங்கினேன். பக்கத்தில் ஒரு கிழவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளும்போது, இருபத்தேழு வயசு ஆம்பிளை எனக்குக் காலில் கோளாறு என்று எப்படிச் சொல்வது? செருப்பைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு நானும் தள்ளினேன். மூன்று மேட்டில் மூன்று தரம் தள்ளினோம். மூன்றாவதில் குதிகாலில் ஏதோ சுருக்கென்றது. பார்த்தேன், ஒரு சின்னக் கீறல். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அதே காலின் மேல்பக்கம், பழைய இடத்தில், ஒரு வலி எழுந்து முழங்கால் வரை ஏறியது. அதைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

வலியசாலை நான் நினைத்ததைவிட எங்கள் ஊர் மாதிரியே இருந்தது. இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், வாசலில் கோலம், உள்ளே கொலு. பேச்சுத்தான் நம் பேச்சாக ஆரம்பித்து, வாக்கியம் முடிகிற இடத்தில் வேறு எங்கோ போய்விடும். அக்கா இளைத்திருந்தாள். எனக்கு இலை போட்டு, சோறும் எரிசேரியும் பரிமாறினாள். காப்பியில் வெல்லம் போட்டிருந்தது. நீ சாப்பிடவில்லையா என்றேன். அப்புறம் என்றாள். கை அலம்பப் போனபோது பார்த்தேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து வேகவைத்த மரச்சீனிக் கிழங்கை உப்பைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் கிழங்கைப் பலகாரமாகத்தான் பார்த்திருக்கிறேன். பார்க்காதவன் மாதிரி திரும்பி வந்துவிட்டேன். இங்கே சும்மா உட்கார்ந்து ஒரு வேளைக்கு மேல் சாப்பிடக் கூடாது என்று அப்போதே தோன்றிவிட்டது.

மறுநாள் காலை எழுந்து காலை ஊன்றினேன், உயிர் போயிற்று. பந்தயத்துக்கு இன்னும் இரண்டு நாள். அக்காவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, கிள்ளிப்பாலத்துப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று வெற்றிலைக்கடையில் விசாரித்துப் போனேன்.

வைத்தியர் மார்பில் வெள்ளை ரோமமும் காதில் கடுக்கனுமாக ஒரு பெரியவர். நம் ஆட்களுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. வைத்தியரிடம் போனால் என்ன வியாதி என்று நாமாகச் சொல்ல மாட்டோம். அவராகக் கண்டுபிடிக்கிறாரா பார்க்கலாம் என்று கையை நீட்டிக்கொண்டு உட்காருவோம். நானும் காலை மட்டும் நீட்டினேன். அவர் முழங்காலிலிருந்து விரல் வரை அழுத்திக்கொண்டே வந்தார். பழைய இடத்தில் கொஞ்சம் நின்றார். அப்புறம் பாதத்தைத் திருப்பிக் குதிகாலை அமுக்கினார். நான் கத்தினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "முறிவாணு" என்றார்.

முறிவா? மறுபடியுமா? நாளன்றைக்கு ஓடலாமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ஓடியா முறிவு பிளரும்" என்றார். இதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? ஓடினால் முறிவு பிளந்துவிடும். வெள்ளம், அதாவது தண்ணீர், தொடக் கூடாது, மண் படக் கூடாது என்றும் சொன்னார். பச்சிலை அரைத்துக் குதிகாலிலிருந்து கணுக்கால் வரை துணி சுற்றிக் கட்டினார். ஒடிந்த எலும்புக்கு மூங்கில் இல்லாமல் வெறும் துணியா என்று கேட்க வாய் வரவில்லை. இங்கே வைத்திய முறையே வேறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கட்டைப் பார்த்து என்ன என்றாள். கல் குத்திவிட்டது, சின்னக் காயம் என்று புளுகினேன். நிஜத்தைச் சொன்னால் ஓட விடமாட்டாள். ஓடாவிட்டால் வேலை இல்லை. பிறந்ததிலிருந்து மலையாளத்தின் நடுவே இருக்கிற பிள்ளைகளைப் பெற்றவள் அவள். வைத்தியர் சொன்ன வார்த்தையை அவளிடம் ஒரு தரம் திருப்பிச் சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லையே!

அதற்கடுத்த நாளை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அத்திம்பேர் சாலை என்கிற கடைத்தெருவைச் சுற்றிக் காட்டினார். நேந்திரங்காயை எண்ணெயில் போட்டு வறுக்கிற மணம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. கை நிறைய வாங்கிக் கொடுத்தார். வாயில் போட்டேன், சக்கையாக இருந்தது. அவர் கால் எப்படி இருக்கிறது, கால் எப்படி இருக்கிறது என்று பத்தடிக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டே வந்தார். பிரமாதமாக இருக்கிறது என்று ஒவ்வொரு தரமும் சொன்னேன். உள்ளே கணக்குப் போட்டபடி இருந்தேன். ஓடினால் பிளந்துவிடும், பிறகு மறுபடியும் படுக்கை. இந்தத் தடவை எங்கே படுப்பது, யார் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு படுப்பது? விடிகாலை பஸ்ஸில் சொல்லாமல் ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஊரில் மட்டும் எந்த வேலை காத்துக்கொண்டிருக்கிறது? சொந்தக் காலைப் பற்றி இவ்வளவு பயந்ததில்லை நான்.

சரஸ்வதி பூஜை விடிந்தது. வலியசாலைப் பந்தயத்துக்கு அந்த நாள்தான் காரணம். அன்றைக்குப் புத்தகம் எல்லாம் பூஜையில் இருக்கும். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, பேனாவைத் தொடக் கூடாது. தெரு வாசகசாலையைப் பூட்டிச் சாவியையும் அம்மன் முன்னால் வைத்துவிடுகிறார்கள். வேறு வேலை இல்லாத வாசகசாலைக்காரர்கள் ஆரம்பித்த ஓட்டம் இது. கோயில் வாசலிலிருந்து கிள்ளிப்பாலம் வழியாகக் கரமனை ஆறு வரை ஓட வேண்டும். படித்துறையில் இறங்கித் துவர்த்தை, அதாவது தோளில் போடுகிற துண்டை, ஆற்றில் நனைத்துக்கொண்டு திரும்பி ஓடிவர வேண்டும். கோயில் வாசலில் ஒருவர் துவர்த்தை வாங்கிப் பிழிவார். தண்ணீர் சொட்டினால்தான் ஓடினது ஓடினது. வைத்தியர் வெள்ளம் தொடக் கூடாது என்றாரே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒன்பது பேர் நின்றோம். ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தடித்த கண்ணாடி, மடிப்புக் கலையாத முண்டு. அத்திம்பேர் என்னைக் காட்டினார். அவரும் என் காலைத்தான் பார்த்தார். கட்டைக் கண்டாரோ இல்லையோ, ஒன்றும் கேட்கவில்லை.

விசில் ஊதினார்கள். முதல் நூறடி நான் ஓடவில்லை, எலும்பு பிளக்கிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு போனேன். வரவில்லை. கிள்ளிப்பாலத்துக்குள் எல்லோரும் என்னைத் தாண்டிவிட்டார்கள். கடைசி ஆளாக வருகிறவனுக்கு எந்த ஹெட்மாஸ்டர் வேலை கொடுப்பார்? கோபம் வந்தது. வைத்தியர் மேல், மரக்குதிரை மேல், மூன்றாம் தரம் தாண்டின என் மேல். உடைகிறதானால் உடையட்டும் சனியன் என்று காலை வீசிப் போட்டேன். இரண்டு பேரைப் பிடித்தேன்.

படித்துறையில் பாசி. வலது காலைத் தூக்கிக்கொண்டு இடது காலால் மட்டும் இறங்கப் பார்த்தேன். இரண்டாம் படியில் வழுக்கி, இரண்டு காலும் முழங்கால் வரை ஆற்றுக்குள் போய்விட்டன. போச்சு என்று வாய்விட்டே சொன்னேன். துவர்த்தை முக்கி எடுத்துக்கொண்டு ஏறினேன். கட்டு அவிழ்ந்து வால் மாதிரி பின்னால் இழுத்தது. அதை உருவி எறிந்துவிட்டு ஓடினேன். ஒவ்வொரு அடிக்கும் குதிகாலில் தீ. வழியில் நின்றவர்கள் என் பாதத்தைக் காட்டி ஏதோ கத்தினார்கள். நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேன் என்று பயம்.

திரும்புகிற வழியில் இன்னும் இரண்டு பேரைத் தாண்டி, ஐந்தாவதாக வந்தேன். துவர்த்து சொட்டியது. சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிற ஒருவர் முதலாவதாக வந்து, ஏற்கெனவே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் கோயில் படியில் சாய்ந்து மூச்சு வாங்கினேன். பாதத்துக்குக் கீழே கல்லெல்லாம் சிவப்பு.

ஹெட்மாஸ்டர் எழுந்து வந்து, "காலினு எந்து பற்றி?" என்றார். காலுக்கு என்ன என்று கேட்கிறார். பின்னால் அத்திம்பேர் கண்ணால் ஜாடை காட்டினார். எனக்கு இனிமேல் புளுகத் தெம்பு இல்லை. காலே போய்விட்டது, இனி எதை மறைக்க?

"முறிவு ஸார்" என்றேன்.

"அது கண்டு. ஸாரமில்ல, முறிவு ஒணங்ஙும்" என்றார் அவர், சர்வ சாதாரணமாக. பார்த்தேன், பரவாயில்லை, ஆறிவிடும் என்று அர்த்தம். இன்றைக்குப் பேனா தொடக் கூடாது, நாளை விஜயதசமி, புத்தகம் எடுத்ததும் வந்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடு என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அழுதுவிட்டேன். ஏழு மாதமாக ஊர் ஊராக என்னைத் துரத்திக்கொண்டு வந்த விஷயத்தை ஒரு மனுஷரிடம் நானாக வாய்விட்டுச் சொன்னேன், அவர் பரவாயில்லை என்றார். அம்பாசமுத்திரத்தில் அந்த ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருந்ததா?

வீட்டுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அக்கா வெந்நீர் வைத்துக் காலைக் கழுவினாள். பத்திரம், எலும்பு முறிந்திருக்கிறது என்றேன். அவள் திடுக்கிட்டாள். வைத்தியரிடம் போனது, அவர் சொன்னது எல்லாவற்றையும் கக்கினேன். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் ஜலம் வரச் சிரித்தாள்.

"முறிவுன்னா காயம்டா, அசடே. வெட்டிண்டா, கீறிண்டா, அதுக்கு இங்கே முறிவும்பா. எலும்பு போனா ஒடிஞ்சுதும்பா" என்றாள்.

ஆக, கல் குத்திச் சின்னக் காயம் என்று நான் புளுகினதுதான் நிஜம். என் எலும்பு கல்லு மாதிரி இருக்கிறது. எழுந்து கூடத்தில் இரண்டு குதி குதித்தேன், காயம் வலித்து உட்கார்ந்தேன். நானும் சிரித்தேன், அத்திம்பேரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. அப்படியானால் நான் ஹெட்மாஸ்டரிடம் என்ன சொன்னேன்? காலில் காயம் என்று சொல்லியிருக்கிறேன். அதைத்தான் அவரும் கண்ணால் பார்த்து, ஆறிவிடும் என்றிருக்கிறார். அவரிடம் நான் ஒன்றையுமே சொல்லவில்லை.

அத்திம்பேருக்கு அது கேட்க ஆனந்தமாக இருந்தது. "இனி வாயைத் திறக்காதே, கேட்டியா. அவர் கேட்டார், நீ சொன்னாய். அவர் காதிலே எப்படி விழுந்ததுன்னா நமக்கென்னவாக்கும்?" என்றார். மூன்று மாசம் போகட்டும், ஆள் நிலைத்த பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. நான் அக்காவைப் பார்த்தேன். சொன்னால் வேலை போகும், தெரியுமோ என்றாள். தெரியும் என்றேன். அவள் காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குப் பூஜைச் சுண்டலை எனக்கு இரண்டு தரம் போட்டாள். அவள் தொன்னையில் எவ்வளவு இருந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

காலையில் அத்திம்பேர் என்னைப் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுவிட்டார். வழி நெடுக, ஞாபகம் இருக்கட்டும் என்றார். உள்ளே சின்னக் குழந்தைகளை மடியில் வைத்து அரிசியில் எழுத வைத்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணம் நிறைய அரிசி. ஹெட்மாஸ்டர் அறையில் மேஜை மேல் ரெஜிஸ்டர் திறந்திருந்தது. பேனாவை மையில் தோய்த்து என்னிடம் நீட்டினார். வாங்கினேன். பெயரின் முதல் எழுத்தைப் போடக் கை போயிற்று. நேற்றுக் கோயில் படியில் அரை மணி நேரம் நெஞ்சு லேசாக இருந்ததே, அது ஞாபகம் வந்து தொலைத்தது. பேனாவைக் கீழே வைத்தேன்.

"ஸார், இது ஒடிஞ்ச கால். மாசி மாசம் எலும்பு ஒடிஞ்சுது" என்றேன். எந்த இடம் என்று தொட்டும் காட்டினேன்.

அவர் எழுந்து வந்தார். குனிந்து பழைய இடத்தைத் தடவிப் பார்த்தார். அந்தக் காலால் மட்டும் நிற்கச் சொன்னார். குதிகால் காயம் கொல்ல, சுவரைப் பிடிக்காமல் நின்றேன். போதும் என்று சொல்ல அவருக்கு அவசரமே இல்லை. கடைசியில் உட்காரச் சொல்லிவிட்டு, இதை நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

"நேத்தைக்கும் இதைத்தான் ஸார் சொன்னேன்."

அவர் புருவத்தைச் சுருக்கினார். எங்கள் ஊரில் முறிவு என்றால் எலும்பு ஸார் என்று விளக்கினேன். வைத்தியர் சொன்னதையும் நான் புரிந்துகொண்டதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முறிவு, முறிவு என்று தமக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"ஒடிஞ்ஞ காலெந்நு விசாரிச்சிட்டாணோ ஓடியது?" என்றார். ஒடிந்த கால் என்று நினைத்துக்கொண்டா கரமனை வரை போய் வந்தாய் என்கிறார்.

ஆமாம் ஸார் என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தார். பிறகு பேனாவை மறுபடி மையில் தோய்த்து, ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார்.

"இது பிள்ளேரோடு பறயருது" என்றார்.

ஒடிந்த கால் என்று நினைத்துக்கொண்டு ஓடினதைப் பையன்களிடம் சொல்லக் கூடாதாம்.